நாலு சக்கரமும் அந்தரத்தில்

“முன்பக்கத்தைக் கொக்கியில தூக்கி மாட்டுங்க மாப்ள, போவோம்” என்றார் காஜா முகைதீன். அந்த நொடியிலிருந்து சல்மான் ஃபாரிஸின் கல்யாணமும் அதே கொக்கியில் தொங்க ஆரம்பித்தது.

பாபநாசத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வருகிற ரோடு. உச்சி வெயில். மருதமரத்து நிழலில் பாதியும் வெயிலில் பாதியுமாக நின்றது காஜா முகைதீனின் வேன். எட்டுப் பேர் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மேலப்பாளையத்தில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்பதை அவர் ஜமாத் கூட்டத்தில்கூட ஒருமுறை குறிப்பிட்டிருக்கிறார். மலையேறும் வண்டி, மணலில் புதையாத வண்டி. மலையும் மணலும் இல்லாத மேலப்பாளையம் பஜாருக்கு அது தினமும் மீன் வாங்கப் போய் வந்தது. இன்றைக்குத்தான் முதல்முறையாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அகத்தியர் அருவிக்குக் குளிக்கப் போனது. மலையை நேரில் பார்த்த அதிர்ச்சியோ என்னவோ, இறங்கி வரும்போது எஞ்சின் கடகடவென்று ஒரு சத்தம் போட்டது, நின்றுவிட்டது.

வெளியாள் யாரையும் அவர் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வரப்போகிற மாப்பிள்ளைக்கே பாளையங்கோட்டையில் ரெக்கவரி செட். ரோட்டில் படுத்துவிட்ட வண்டிகளைத் தூக்கி வருவதுதான் தொழில். பிறகு வெளியாள் எதற்கு?

சல்மானிடம் இரண்டு லாரிகள் இருந்தன. ஒன்று கொக்கி வண்டி. பழுதான வண்டியின் முன்சக்கரங்களைத் தூக்கி மாட்டிக்கொண்டு, பின்சக்கரங்களை ரோட்டில் உருட்டிக்கொண்டே வரும். இன்னொன்று பிளாட்பெட். அகலத் தட்டு, பழுதான வண்டியை முழுசாக முதுகில் ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கென்று பிளாட்பெட்டில் ஒரு பைபர் படகை ஏற்றிக்கொண்டு அவனுடைய கூட்டாளி ஆரிப் உவரிக்குப் போயிருந்தான். “உடனே வாங்க மாப்ள” என்று மாமா போனில் சொன்னால் “சரி மாமா” என்பதைத் தவிர வேறு பதில் அந்தக் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லை. கையிலிருந்த கொக்கி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான் சல்மான். கிளம்பும்போதே ஆரிப்பைப் போனில் பிடித்தான்.

“ஏலே, படகை இறக்கிட்டியா?”

“இப்பதான் இறக்கினேன். நல்ல சாளை மீன் வந்திருக்கு, வாங்கிட்டு வரவா?”

“சாளையாவது கீளையாவது. அப்படியே பாபநாசத்துக்கு மிதிலே. மாமா வண்டி நின்னுட்டு.”

“கொக்கி வண்டி இருக்குல்லா உங்கிட்ட?”

“அதுல மாட்டி இழுத்தா, வீட்டுக்கு வெறும் கூடுதாம்ல வந்து சேரும்.”

அது பொய்யில்லை. அந்த வேனின் நடு வயிற்றில் ஒரு பெட்டி இருக்கிறது. எஞ்சினின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. நாலு சக்கரமும் எந்நேரமும் அதோடு பிணைந்தே கிடக்கும். பிரித்துவிட லீவர் கிடையாது. முன்சக்கரம் அந்தரத்தில் அசையாமல் நிற்க, பின்சக்கரம் மட்டும் உருண்டால், பெட்டிக்குள் ஒரு பாதி சுற்றும், மறுபாதி சுற்றாது. சூடேறும். அம்பாசமுத்திரத்தில் எண்ணெய் கருகும். சேரன்மகாதேவி வருவதற்குள் பல்சக்கரம் பல்லைக் காட்டிவிடும். நாலையும் ரோட்டில் விட்டுக் கயிறு கட்டி அவ்வளவு தூரம் இழுத்தாலும் ஆபத்துதான். எஞ்சின் ஓடாதபோது கியர்பெட்டிக்குள் எண்ணெய் பாயாது. நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிவருவது ஒன்றுதான் வழி.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் யாரிடம் சொல்வது?

காஜா முகைதீனின் மகள் ஷம்ஸியாவுக்கு இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. முதலாமவன் சென்னையில் பெரிய வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில், “கடையநல்லூருக்கு நீங்க சொல்லுத வழி சுத்து மாமா, ஆலங்குளம் வழியாப் போனா சீக்கிரம்” என்றான். அந்தச் சீக்கிரமான வழியிலேயே அவன் திரும்பிப் போனான். இரண்டாமவன் டாக்டர். தால்சாவில் புளி கொஞ்சம் தூக்கல் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். புளியின் அளவைச் சமையல்காரருக்குச் சொன்னது காஜா முகைதீன். “எதுத்துப் பேசுத பயலுவளுக்கு எம்பொண்ணைக் கொடுக்க மாட்டேன்” என்று அன்றோடு முடிந்தது.

மூன்றாவதாக வந்தவன் சல்மான். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். பாளையங்கோட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஷம்ஸியா போனில் அவனுக்கு ஒரே ஒரு மருந்துதான் எழுதிக் கொடுத்திருந்தாள். “வாப்பா எது சொன்னாலும் சரி மாமான்னு சொல்லிருங்க. நிக்காஹ் முடியட்டும். பொறவு பைய நான் பாத்துக்கிடுதேன்.”

அவளும் இப்போது வேனுக்குள்தான் இருந்தாள். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது தெரிந்தது.

“மாமா...” என்றான் சல்மான்.

“சொல்லுங்க மாப்ள.”

“இல்ல, மாட்டுததுக்கு முன்னாடி அடியில ஒருக்கக் குனிஞ்சு பாத்துக்கிடுதேன்.”

“பாருங்க, நல்லாப் பாருங்க. ஜெத்தாவுல எங்க முதலாளி வண்டி பாலைவனத்துல படுத்துக்கிடும். முன்னாடியைத் தூக்கி மாட்டி நானே எத்தனை தடவை இழுத்திருப்பேன்! அதுவும் இதே மாதிரி நாலு சக்கர இழுவைதான்.”

ஜெத்தாவில் அவர் வேலை பார்த்தது அத்தர் கடையில் என்பது சல்மானுக்குத் தெரியும். வேனுக்கடியில் மல்லாந்து படுத்தான். எதையும் பார்க்கவில்லை. ஆரிப்புக்குச் செய்தி அனுப்பினான். ‘எங்கலே?’ பதில் வந்தது: ‘நாங்குநேரி.’ அடுத்து மாமாவின் செருப்பு வந்து அவன் தலைக்குப் பக்கத்தில் நின்றது.

“முடிஞ்சுதா மாப்ள?”

“பாத்துக்கிட்டே இருக்கேன் மாமா.”

“அடியில அப்படி என்ன இருக்கு பாக்க? மாட்டினோமா, போனோமான்னு இருக்கணும்.”

இனிமேல் கிடந்தால் தூங்கிவிட்டதாக நினைப்பார். வெளியே வந்தான். சட்டையைத் தட்டினான். கொக்கி வண்டியின் சங்கிலியை அவிழ்த்தான், சுருட்டினான், சிக்கு விழுந்ததுபோல மறுபடி அவிழ்த்தான். மாமாவின் புருவம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வேனின் கதவு திறந்து உதவி வந்தது.

“ஏங்க, பிள்ளை சாப்பிட்டிச்சான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?” அலிமா பீவி மாமி. கையில் தூக்குச்சட்டி.

“சாப்பிடலை மாமி!” என்றான் சல்மான். அவன் குரலில் இருந்த ஆவலைக் கேட்டு அவனே வெட்கப்பட்டான். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோட்டிலிருந்து சரிந்து இறங்கினால் கால்வாய்க் கரை. அங்கே நிழலில் பாய் விரிந்தது. நெய்ச்சோறு, தால்சா, கோழிப் பொரியல், வாழைப்பழம். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் சோற்றில் கை வைத்துவிட்டால், அவனாகக் கை கழுவும்வரை அவனை எழுப்பக்கூடாது. அது அந்த வீட்டில் வாப்பாவுக்கு வாப்பா காலத்துச் சட்டம். காஜா முகைதீனாலும் மீற முடியாது. சல்மான் அந்தச் சட்டத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பைய சாப்பிட்டான். ஒவ்வொரு எலும்பையும் ஆராய்ச்சி பண்ணினான். “இன்னும் கொஞ்சம் வையுங்க மாமி” என்றான். மாமி மலைபோலக் குவித்தாள். அதையும் கரைத்தான். மூன்றாவது தடவை கேட்டபோது மாமியின் முகத்தில் பாசத்தோடு லேசான பயமும் தெரிந்தது. வயிறு வேட்டி மடிப்பைத் தள்ளியது. ஆரிப்பின் அடுத்த செய்தி: ‘களக்காடு. டீ குடிச்சிக்கட்டா?’ இடது கையால் தட்டினான்: ‘குடிச்சே, கொன்னுருவேன்.’

மேலே ரோட்டோரம், மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு நடை போட்டார். கை மட்டும் அடிக்கடி சல்மான் இருந்த பக்கமாக நீண்டது. யாரிடமோ புகார் போகிறது என்று புரிந்தது. என்ன புகார் என்று காற்று கொண்டுவரவில்லை. பிறகு அவர் தலையும் மறைந்தது.

நாலாவது தடவை சோறு கேட்கலாமா, கேட்டால் இதுவும் ஒரு குறையாகப் போய்விடுமா என்று யோசிக்கையில் போன் அதிர்ந்தது. ஷம்ஸியா.

‘வாப்பா டிராக்டரைப் பிடிச்சுட்டாக. கயிறு கட்டியாச்சு. என்னையும் இறக்கிட்டாக. ஓடியாங்க!’

சோற்றுக்கையோடு சரிவில் ஏறினான் சல்மான்.

வேனின் முன்கொக்கியில் தேங்காய்நார் வடம். வடத்தின் மறுமுனையில் சிவப்பு டிராக்டர். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த சங்கரசுப்பிரமணியன் நல்ல மனுஷன். கூப்பிட்டால் வந்துவிடுகிற ஆள். ஏற்கெனவே கியரைப் போட்டிருந்தான். வடம் விறைத்தது. வேன் ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. ஸ்டியரிங்கில் காஜா முகைதீன், ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி, “போகட்டும், போகட்டும்! வீரவநல்லூர்ல டீக்கு நிறுத்துவோம்!”

வீரவநல்லூர்வரை போனால் டீ குடிக்க மனுஷன் இருப்பார், வேன் இருக்காது. பழியும் தன் தலையில்தான் விழும். ‘நல்ல மாப்பிள்ளை! பக்கத்துல நின்னுக்கிட்டே வண்டியைக் காலி பண்ணிட்டான்’ என்பார். தடுத்தாலோ எதிர்த்துப் பேசுகிற பயல். மூன்றாவது பயல்.

மாமாவை எதிர்க்கக்கூடாது. டிராக்டர்காரனை எதிர்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

“ஏலே!” பாய்ந்துபோய் டிராக்டர் முன்னால் நின்றான் சல்மான். நெய்ச்சோறு சிதறியது. “நிறுத்துலே! உனக்கு அறிவு இருக்கா?”

டிராக்டர் குலுங்கி நின்றது. “என்னவே, மறிக்கீரு? அண்ணாச்சிதான் இழுக்கச் சொன்னாரு.”

“அண்ணாச்சி சொன்னா இழுத்துருவியோ? அவரு உன்னைச் சோதிச்சிருக்காருலே, சோதிச்சிருக்காரு!”

“சோதனையா?”

“பின்ன? ஜெத்தாவுல எத்தனை நாலு சக்கர இழுவை வண்டியைப் பாத்தவரு! எஞ்சின் நின்ன வண்டியைச் சக்கரம் தரையில பட இழுத்தா நடுவுல இருக்க பெட்டி கருகிப்போகும்னு அவருக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுதா, எனக்குத் தெரியுதான்னு பாக்காரு. நீ மாட்டிக்கிட்டே!”

சல்மான் வேனின் பக்கம் திரும்பவில்லை, திரும்பத் தைரியமில்லை. முதுகில் வெயிலைவிட அதிகமாக ஏதோ சுட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

காஜா முகைதீன் டிராக்டரைப் பார்த்தார். வடத்தைப் பார்த்தார். சல்மானின் நெய்க்கையைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“அதானே!” என்றார். “எவ்வளவு தூரம் போறியன்னு பாத்தேன்.”

“அடப் போங்க அண்ணாச்சி!” சங்கரசுப்பிரமணியன் வடத்தை அவிழ்த்துச் சுருட்டினான். “உழுவப் போனவனைக் கூப்பிட்டுப் பரீட்சை வைக்கியளே, நல்லாருக்கா?”

“பிள்ளைக்கு விவரம் இருக்கான்னு தெரியணும்லா?” என்று சல்மானின் தோளைத் தட்டினார் மாமா. “அப்போ எப்படி மாப்ள கொண்டுபோகணும்? சொல்லுங்க, பாப்போம்.”

“நாலு சக்கரமும் தரையில படாம, மாமா. பிளாட்பெட்டுல.”

“அப்படிச் சொல்லுங்க. வரச் சொல்லுங்க அதை.”

“வந்துக்கிட்டே இருக்கு மாமா. நீங்க அப்படித்தான் சொல்லுவியன்னு முன்னாடியே வரச் சொல்லிட்டேன்.”

ஆரிப் வந்தான். அவனுக்கு முன்னால் அவனுடைய வாசனை வந்தது. படகிலிருந்து வழிந்த மீன்தண்ணீர் தட்டு முழுக்கக் காய்ந்திருந்தது. மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். தட்டு பின்பக்கமாகச் சரிந்து ரோட்டைத் தொட்டது. சல்மான் வேனை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை எடுத்தான்.

“நியூட்ரல்ல போடுங்க!” என்று உத்தரவிட்டார் மாமா.

“சரி மாமா.”

கம்பி வடம் சுற்றச் சுற்ற வேன் அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. மேலேறியதும் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். “அச்சுல கட்டாதே, டயரைச் சுத்திப் பட்டையைப் போடு” என்று ஆரிப்பிடம் முணுமுணுத்தான். மறுநொடி மாமாவின் குரல் மலைவரை கேட்டது. “தம்பி! அச்சுல கட்டாதே, டயரைச் சுத்திக் கட்டு!”

ஆரிப் சல்மானை நிமிர்ந்து பார்த்தான். சல்மான் கண்ணாலேயே அவனைக் கும்பிட்டான்.

கொக்கி வண்டியை ஆரிப் எடுத்துக்கொண்டான். மாமியும் ஷம்ஸியாவும் வாடகைக் காரில் போனார்கள். பிளாட்பெட்டில் சல்மானுக்குப் பக்கத்தில் மாமா. வழிநெடுக அவர் அவனுக்கு நாலு சக்கர இழுவையைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவன் டிராக்டர் முன்னால் நின்று சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். ஆனால் இப்போது அது ஜெத்தாவில் நடந்தது. மேலப்பாளையம் பஜாருக்குள் லாரி நுழைந்தபோது நாலைந்து பூனைகள் பின்னால் ஓடிவந்தன. ஒரு கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மீன் அண்ணாச்சி வந்திருக்கு?” என்று கேட்டார்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தார். எஞ்சினில் ஒரு பெல்ட் அறுந்திருந்தது. நடுப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சல்மான் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சு வெள்ளிக்கிழமைவரைதான் தாங்கியது.

நிச்சயத்தன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஜமுக்காளத்தின் நடுவில் காஜா முகைதீனின் மூத்த அண்ணன் அகமது மீரான். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. நிச்சயத்தை உறுதி செய்யும் ஃபாத்திஹா ஓதுவதற்குக் கொஞ்சம் நேரமிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் காஜா முகைதீன் பாபநாசம் கதையை எடுத்தார். அது சில நாளிலேயே நன்றாக வளர்ந்திருந்தது.

“மாப்ள கொக்கி வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு, ‘முன்பக்கத்தைத் தூக்குவோம் மாமா’ங்காரு. நான் சொன்னேன், ‘மாப்ள, நாலு சக்கரமும் தரையில படக்கூடாது, பெட்டி கருகிரும்’னு. அதுக்குள்ள ஒரு டிராக்டர்காரன் வேற கயிறைக் கட்டிட்டான். நான் மட்டும் குறுக்க பாய்ஞ்சு நிக்கலைன்னா...”

கூட்டம் சிரித்தது. சல்மானும் சிரித்தான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹசன் அலி மட்டும் சிரிக்கவில்லை. மாமியின் தம்பி, தன் சொந்தத்தில் ஒரு பையனை ஷம்ஸியாவுக்குப் பேசி, தோற்றுப்போனவர்.

“அப்போ மாப்பிள்ளைக்குத் தொழிலே தெரியாதாக்கும்?” என்றார் மெதுவாக. “வண்டியை இழுக்கத் தெரியாத ஆளு ரெக்கவரி செட் வச்சிருக்காரா? பொண்ணைக் கொடுக்கும்போது இதெல்லாம் பாக்க வேண்டாமா மச்சான்?”

சிரிப்பு நின்றது. கதையை வளர்த்தவருக்கு இப்போது அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை. ஜமுக்காளம் முழுக்கச் சல்மானைத் திரும்பிப் பார்த்தது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று அடங்கியது.

அகமது மீரான் கண்ணாடியைக் கழற்றினார். “மாப்ள, நீங்க சொல்லுங்க. முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னது நீங்களா?”

இல்லை என்றால், சபையில் மாமாவைப் பொய்யராக்கிய பயல். ஆமாம் என்றால், தொழில் தெரியாத பயல். இரண்டு பயலுக்கும் அந்த வீட்டில் பெண் கிடையாது. ஆரிப் தலையைக் குனிந்துகொண்டான். மாமா பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா பெரிய மாமா” என்றான் சல்மான். “அவசரத்துல எனக்குப் புத்தி ஓடல. மாமா இருந்ததுனால வண்டி தப்பிச்சிது.”

ஹசன் அலி திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அகமது மீரான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சல்மானைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, காதோரம் குனிந்தார்.

“அன்னைக்கு அந்த ரோட்டுல நின்னு எந்தம்பி எனக்குத்தான் போன் போட்டான். ‘அண்ணே, முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னா, இந்தப் பய தூக்க மாட்டேங்கான், உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கான்’னு. எல்லாம் எனக்குத் தெரியும்லே.” அவர் உடம்பு சிரிப்பில் குலுங்கியது. “எங்க வீட்டுக்கு உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கணும்னுதான் துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “தப்பைச் சபையில ஒத்துக்கிடுத பிள்ளைக்குத் தாராளமாப் பொண்ணு கொடுக்கலாம். தொழிலை எந்தம்பி சொல்லிக் கொடுத்துருவான். ஃபாத்திஹா ஓதுங்க!”

ஓதினார்கள். சீனி வழங்கினார்கள். திரைக்குப் பின்னால் வளையல்கள் மறுபடி பேசத் தொடங்கின. அந்த நேரத்தில் சல்மானின் போன் அடித்தது. ராதாபுரம் ரோட்டில் ஒரு வண்டி நின்றுபோயிருந்தது.

“கொண்டாங்க, நான் பேசுதேன்” என்று போனை வாங்கிக்கொண்டார் காஜா முகைதீன். அன்றிலிருந்து அவர்தான் சொல்லிக் கொடுப்பவர் அல்லவா! “தம்பி, பதறாதே. யாரையும் இழுக்க விடாதே. நாலு சக்கரமும் தரையில படக்கூடாது, கேட்டியா? ஆட்டோவா? ஆட்டோன்னா மட்டும் என்ன? நாலு சக்கரமும் தூக்கித்தான் கொண்டாரணும்!”

மறுமுனையில் ஏதோ சந்தேகம் கேட்டார்கள். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு சல்மானைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, இவன் மூணுதான் இருக்குங்கான்?”

ஜமுக்காளம் முழுக்கக் காது கொடுத்தது. ஹசன் அலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சல்மான் வாயிலிருந்த சீனியை விழுங்கினான்.

“ஸ்டெப்னியையும் சேத்துச் சொல்லுதியன்னு அவனுக்கு விளங்கல மாமா.”

“அதானே!” என்றார் காஜா முகைதீன்.